பண்பாட்டு வழக்கங்களை அறிவியலால் விளக்க முடியுமா?

கேள்வி: தக்கலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். "நம் பழக்கவழக்கங்களில் அறிவியல்" என்ற தலைப்பில் மாணவர்கள் எழுதிவந்த கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவை வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளின் நகல்களாகவே இருக்கின்றன. மெட்டி அணியும் விரலிலிருந்து கருப்பைக்கு ஒரு நரம்பு செல்கிறதாம். வடக்கே தலைவைத்துப் படுத்தால் பூமியின் காந்தப்புலம் இரத்தத்திலுள்ள இரும்பை இழுக்கிறதாம். அரிசிமாவுக் கோலம் எறும்புகளுக்கு உணவிடுவதற்காக ஏற்பட்டதாம். முதல் இரண்டையும் தவறு என்று தயங்காமல் அடித்துவிட்டேன். அப்படி ஒரு தனி நரம்பு உடற்கூற்றியலில் கிடையாது. ஹீமோகுளோபினில் கட்டுண்டிருக்கும் இரும்பு, காந்தத்தில் ஒட்டும் ஆணியைப்போல நடந்துகொள்வதில்லை. மூன்றாவதில்தான் பேனா நின்றுவிட்டது. எறும்பு அரிசிமாவைத் தின்கிறது என்பது கண்ணால் காணும் உண்மை. ஆனால் அதுவே கோலத்தின் காரணம் ஆகுமா?

இதிலிருந்து பெரிய கேள்வி ஒன்று எழுகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், கிழக்கே தோவாளையிலிருந்து பேருந்தில் ஏறி மேற்கே மார்த்தாண்டத்தில் இறங்குவதற்குள் பேச்சு மாறுகிறது, சாப்பாடு மாறுகிறது, வீடுகள் அமைந்திருக்கும் விதமும் மாறுகிறது. கிழக்கே நெருக்கமான தெருக்கள், மேற்கே ஒவ்வொரு விளைக்கும், அதாவது தோட்டத்துக்கும், நடுவில் ஒரு வீடு. இவற்றுக்கெல்லாம் மண்ணும் மழையும் காரணமா, வரலாறு காரணமா, அல்லது வெறும் தற்செயலா? ஒரு சமூகத்தின் பண்புக்கூறை, ஒரு செடியின் இலையமைப்பை விளக்குவதுபோல அறிவியலால் விளக்க முடியுமா? முடியும் என்றால் எதை விளக்கமாக ஏற்பது, எதைத் தள்ளுவது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் வகுப்பில் பயன்படுத்திக்கொள்வேன்.


பதில்: பழையாற்றங்கரை

டீச்சர், கோலத்திலிருந்தே தொடங்கலாம். ஒரு வழக்கத்தைப் பற்றி "ஏன்" என்று கேட்கும்போது நாம் வெவ்வேறு கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். அது எப்படித் தோன்றியது, தலைமுறைகளுக்குள் எப்படிக் கடத்தப்படுகிறது, அதனால் என்ன விளைகிறது, அந்த விளைவுதான் அதை நிலைக்க வைத்திருக்கிறதா என்பவை தனித்தனிக் கேள்விகள். எறும்புக்குத் தீனி கிடைப்பது ஒரு விளைவு, அவ்வளவுதான். அதுதான் கோலத்தைத் தாங்கி நிற்கிறது என்று ஒருவர் வாதிட்டால், அந்த விளைவு இல்லாமற்போனால் வழக்கமும் தளர வேண்டும். இதற்குச் சோதனை நம் வாசலிலேயே நடந்து முடிந்துவிட்டது. அரிசிமாவுக்குப் பதிலாகக் கல்மாவும் வண்ணப்பொடியும் வந்தன, எறும்புக்கு எதுவும் கிடைப்பதில்லை, கோலம் குறையவில்லை. ஆகவே எறும்பு விளக்கம் விழுந்துவிடுகிறது.

இப்படி விழக்கூடியதாக இருப்பதுதான் அறிவியல் விளக்கத்தின் முதல் தகுதி என்று நினைக்கிறேன். மெட்டிச் செய்தியை எழுதியவர், எந்தத் தகவல் கிடைத்தால் தம் கருத்தைக் கைவிடுவார் என்று கேட்டுப் பாருங்கள். அவரிடம் பதில் இருக்காது. வழக்கம் சரியானது என்ற முடிவு முதலில் வந்துவிடுகிறது, காரணம் பிறகு தேடப்படுகிறது.

ஆனால் இதனால் எல்லா வழக்கங்களும் விளக்கத்துக்கு அப்பாற்பட்டவை என்று ஆகிவிடாது. நம் ஊர் உணவிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது: மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும். மரச்சீனிக் கிழங்கில் லினமாரின் என்ற பொருள் உண்டு. கிழங்கை வெட்டினாலோ நசுக்கினாலோ, அதிலேயே இருக்கும் நொதி ஒன்று லினமாரினைச் சிதைக்க, முடிவில் ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. கொதிநீரில் போட்டதும் நொதி செயலிழந்துவிடுவதால், சிதையாமல் எஞ்சிய லினமாரின் நீரில் கரையத் தொடங்குகிறது. துண்டுகள் சிறியனவாகவும் நீர் மிகுதியாகவும் இருந்தால் கரைந்து வெளியேறுவது கூடும். நம் அடுக்களைகளில் கிழங்கை மூழ்க நீர்விட்டு அவித்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டு, பிறகுதான் தேங்காயும் மஞ்சளும் சேர்த்துக் கிளறுகிறார்கள். கஞ்சியை வடித்தால் அதைக் குடிக்க எடுத்துவைக்கும் அதே வீட்டில் இந்த நீரை மட்டும் யாரும் எடுத்துவைப்பதில்லை. வடிக்காமல் விட்டால் கசப்பு நாக்கில் தெரியும். கசப்பான கிழங்கைத் தின்றவருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வரலாம். விளைவு உடனே திரும்பி வந்து வழக்கத்தைத் திருத்துகிறது. இங்கே வேதியியலும் இருக்கிறது, வழக்கம் நிலைத்ததற்கான வழியும் தெரிகிறது. இந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன்.

மீனைப் பற்றிய பகுதியைப் பாதிதான் ஏற்பேன். உடலுக்குள் போகும் சிறிதளவு சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றக் கந்தகம் வேண்டும். அது மெத்தியோனின், சிஸ்டீன் ஆகிய அமினோ அமிலங்களிலிருந்து கிடைக்கிறது. கிழங்கில் புரதம் மிகக் குறைவு, மீனில் தாராளம். ஆப்பிரிக்காவில் கோன்சோ என்ற நோய் இருக்கிறது. அன்றைய பெல்ஜியக் காங்கோவில் டிரோல்லி என்ற மருத்துவர் 1938-இல் அதைப் பதிவுசெய்தார். பஞ்சத்திலோ போரிலோ, சரியாகப் பதப்படுத்தாத கசப்புக் கிழங்கை வேறு புரதமில்லாமல் தொடர்ந்து தின்றவர்களுக்குக் கால்கள் திடீரெனச் செயலிழந்துபோகும், பிறகு மீள்வதில்லை. எனவே சாளை (மத்தி) மீன் கறியோடு மரச்சீனி தின்பது உடலுக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நன்மைக்காகத்தான் இந்தச் சேர்க்கை நிலைத்தது என்று சொல்லத் துணியமாட்டேன். சாளை மலிவு, கிழங்கும் மலிவு, கடல் பக்கத்தில் இருக்கிறது. இந்த மூன்றும் போதும். இரண்டு விளக்கங்களையும் பிரித்தறிய வேண்டுமானால், மீன் எளிதில் போய்ச்சேராத மலையடிவார வீடுகளில் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள என்ன வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

"நம் முன்னோர்கள் அறிந்து வைத்திருந்தார்கள்" என்ற வழக்கமான வரிக்கு இங்கே இடமே இல்லை என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். மரச்சீனி தென்னமெரிக்கப் பயிர். போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. திருவிதாங்கூரில் அது பரவியதற்கு 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா கொடுத்த ஊக்கம் முக்கியக் காரணம். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றுபோனபோதுதான் அது ஏழை வீடுகளில் முழு உணவாகவே மாறியது. தொன்மையான ஞானம் என்று நாம் எண்ணும் ஒரு வழக்கம் சில தலைமுறைகளுக்குள் உருவாகிவிட முடியும் என்பதே எனக்கு இதில் வியப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அறிவியல் சாயல் நன்றாகவே உள்ள விளக்கமும் விழலாம். வெப்ப நாடுகளில் மசாலா மிகுதியாகச் சேர்ப்பது ஏன் என்ற கேள்விக்கு, பில்லிங், ஷெர்மன் ஆகிய இருவர் 1998-இல் 36 நாடுகளின் 4,578 இறைச்சிச் சமையற்குறிப்புகளை ஆராய்ந்து, மசாலாக்கள் நுண்ணுயிர்களைக் கொல்வதால் உணவைக் காக்கின்றன என்று எழுதினார்கள். பூண்டும் கிராம்பும் ஆய்வகத்தில் பாக்டீரியாவை அடக்குகின்றன என்பது உண்மைதான். ஆனால் 2021-இல் லிண்டெல் பிராம்ஹமும் அவருடைய குழுவினரும் 70 சமையல் மரபுகளைச் சேர்ந்த 33,750 குறிப்புகளை எடுத்து, அண்டை நாடுகளின் ஒற்றுமையையும் வறுமையையும் கணக்கில் கொண்டு பார்த்தபோது, அந்த விளக்கத்துக்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. மசாலாவின் அளவு சாலை விபத்து மரணங்களோடும் ஒத்துப்போனது! விபத்தைத் தடுக்கவா மிளகாய் அரைக்கிறோம்? இந்த ஒரு செய்தியை வகுப்பில் சொன்னால், ஒத்துப்போவது வேறு, காரணமாவது வேறு என்பது மாணவர்கள் மனத்தில் பதிந்துவிடும்.


பதில்: தோவாளை வாசகர்

பழையாற்றங்கரை அவர்கள் கூறியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் உணவை விளக்குவது எளிது. வயிறும் நஞ்சும் எல்லா மனிதர்க்கும் பொது. உறவுமுறையையும் சொத்துரிமையையும் விளக்க வரும்போதுதான் அறிவியலின் வலுவும் வரம்பும் தெரியும். அதற்கு, நம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான நாஞ்சில் நாட்டின் மருமக்கள்வழியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நம்மிடம் இல்லை.

டீச்சரின் மாணவர்களில் பலருக்கு இது தெரியாமலும் இருக்கலாம். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஒருவருடைய சொத்து அவருடைய மகனுக்குச் செல்லாமல், தாய்வழிக் குடும்பத்தில் சகோதரியின் மகனுக்குச் சென்றது. மனைவிக்கும் மக்களுக்கும் உகந்துடைமை என்ற பெயரில் ஒரு பங்கு கிடைக்கும், அதுவும் வழக்கு வம்புக்குப் பிறகு. இதனால் விளைந்த சண்டைகளைத்தான் தேரூர்க் கவிமணி நையாண்டியாகப் பாடினார். திருவிதாங்கூர் அரசு 1926-இல் சட்டம் இயற்றி இந்த முறைக்கு முடிவுகட்டியது.

இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று, ஆண்கள் நெடுங்காலம் வீட்டில் இல்லாத சமூகங்களில் தாய்வழி முறை வலுப்பெறும் என்பது. நாயர்களிடையே ஆண்கள் போர்த்தொழிலுக்குச் சென்றதால் அது ஏற்பட்டது என்பார்கள். வரலாற்றாசிரியர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை, 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் போர்களோடு அதைத் தொடர்புபடுத்தினார். சுமத்ராவின் மினாங்கபாவு மக்களிடையே இளைஞர்கள் பிழைப்புத் தேடி வெளியூர் செல்வது மரபு, அங்கும் தாய்வழி. இதுவரை பொருந்துகிறது.

நாஞ்சில் நாட்டுக்குக் கொண்டுவந்தால் இடறுகிறது. இங்கே தாய்வழி முறையைப் பின்பற்றியவர்கள் போருக்குப் போனவர்கள் அல்லர். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போக நெல்லையும் விளைவித்து, ஏலாவை (வயல்வெளியை) விட்டு நகராமல் வாழ்ந்த உழவர்கள். ஆண்கள் உண்மையிலேயே வீட்டில் இல்லாத இடம் வேண்டுமென்றால் நம் கடற்கரைக்குப் போக வேண்டும். ஆண்கள் கடலில் இருக்க, மீன் விற்பனையையும் கடன் கணக்கையும் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள்; ஆனால் அங்கே மாமன் சொத்து மருமகனுக்குப் போகும் முறை இல்லை. இனிக் கிழக்கே பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலி. தாமிரபரணிக் கரையிலும் அதே நெல், அதே வேளாளர், அதே தமிழ், அங்கே மக்கள்வழி. பயிர் ஒன்றாகவும் முறை வேறாகவும் இருக்கும்போது பயிரைக் காரணமாகக் காட்ட முடியாது. வேறுபட்டிருந்தது அரசும் அண்டையும்தான். கணவாய்க்கு இந்தப் பக்கம் நிலவுரிமையும் கோயில் உரிமையும் செல்வாக்கும், தாய்வழி முறையைப் பின்பற்றிய அரச குடும்பத்தையும் அதைச் சார்ந்த மேட்டுக்குடியையும் சுற்றியே இருந்தன. உயர்ந்த இடத்தில் இருப்பவரைப் பார்த்து அவருடைய முறையை ஏற்பது உலகெங்கும் காணப்படுவதே.

மானிடவியலில் இதற்குப் பழைய விவாதம் ஒன்று உண்டு. எட்வர்ட் டைலர் முந்நூறுக்கும் மேற்பட்ட சமூகங்களின் திருமண, வாரிசு முறைகளை எண்ணிக் கணக்கிட்டு எழுதிய கட்டுரை 1889-இல் வெளியானது. அதைக் கேட்ட பிரான்சிஸ் கால்டன், இவற்றில் எத்தனை ஒன்றையொன்று பார்த்துக் கற்றுக்கொண்டவை, எத்தனை தனித்தனியாகத் தோன்றியவை என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றும் அவர் பெயர்தான். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கொல்லத்திலும் அவியல் வைக்கிறார்கள் என்றால் அது மூன்று சான்றுகளா, ஒரே சான்றா? 1956 நவம்பர் 1 வரை எல்லாம் ஒரே ஆட்சியின் கீழ் இருந்த ஊர்கள். என் கணக்கில் அது ஒன்றுதான்.


பதில்: குழித்துறை வாசகி

நண்பர்கள் இருவரும் விளக்கம் சரியா தவறா என்று பார்க்கிறார்கள். எனக்கு வேறொரு கவலை. இயற்கையைக் காரணம் காட்டும் விளக்கம், மனிதர் மனிதர்க்குச் செய்ததை மறைத்துவிடக்கூடும்.

நம் பகுதியில் ஒரு காலத்தில் பெண்கள் பலர் மேலாடை அணியாமல் இருந்தார்கள். வெப்பமும் ஈரப்பதமும் மிக்க நாடு, அதனால் அப்படி என்று ஒருவர் எழுதினால் கேட்பதற்கு அறிவியல்போலவே இருக்கும். ஆனால் நாடார் பெண்கள் மேலாடை அணியத் தொடங்கியபோது சந்தைகளில் அது கிழித்தெறியப்பட்டது. வீடுகளும் ஆலயங்களும் கொளுத்தப்பட்டன. பல பத்தாண்டுகள் நீண்ட தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, சென்னை ஆளுநர் டிரெவெல்யனின் அழுத்தத்தால் 1859 ஜூலை 26 அன்று மேலாடை அணிய அனுமதிக்கும் திருவிதாங்கூர் மகாராஜாவின் அறிவிப்பு வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. வெயில் யாருக்கும் நிபந்தனை போடுவதில்லை. ஒரே வெயிலில் ஒரு சாதிக்கு ஒரு விதி, இன்னொரு சாதிக்கு வேறு விதி என்றால், விளக்கத்தை வெயிலில் தேடுவது வீண்.

படிப்பும் அப்படியே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். "குமரிக்காரர் மூளை தனி மூளை" என்று நாமே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சிலர் மீன் உணவைக்கூடக் காரணமாகச் சொல்கிறார்கள். 1806-இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்ததையும், அதன்பின் ஆலயத்தோடு ஆலயமாகப் பள்ளிகள் எழுந்ததையும், பள்ளியில் இடம் மறுக்கப்பட்டவர்கள் கல்வியைத் தங்கள் மானத்தின் சின்னமாகப் பற்றிக்கொண்டதையும் விட்டுவிட்டு மீனுக்குப் போவானேன்?

நான் அறிவியலுக்கு எதிரி இல்லை. அந்தச் சேலையை அணிந்த பெண்ணுக்கும் அதைக் கிழித்தவனுக்கும் அது என்ன பொருள் தந்தது என்பதை அறியாமல், அந்த நிகழ்வை விளக்கிவிட்டோம் என்று சொல்ல முடியாது என்கிறேன். அளவுகோலால் அது கிடைக்காது. ஆவணங்களைப் படிக்க வேண்டும், மனிதர்களைக் கேட்க வேண்டும்.


கேள்வி கேட்டவர்: தக்கலை ஆசிரியை

மூவருக்கும் நன்றி. குழித்துறை அம்மா சொன்னதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. ஒரு துணைக்கேள்வி: நெல் விளைவிப்பவர்கள் கூட்டாக வாழும் இயல்புடையவர்கள், கோதுமை விளைவிப்பவர்கள் தனித்தியங்கும் இயல்புடையவர்கள் என்று ஓர் ஆய்வைப் பற்றி எங்கோ படித்தேன். தோவாளை நெல், விளவங்கோடு ரப்பர் என்று வைத்து மாணவர்களை ஒரு சிறு ஆய்வு செய்யச் சொல்லலாமா?


பதில்: பழையாற்றங்கரை

முதலில் குழித்துறை வாசகிக்கு: தோள்சீலைக்கு வெயில் காரணமில்லை என்று நீங்கள் காட்டிய முறையே அறிவியல் முறைதான். வெயில் ஒன்று, விதி வேறு வேறு, ஆகவே வெயில் காரணமன்று. பொருளைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்பதை மட்டும் ஏற்கவில்லை.

டீச்சருக்கு: நீங்கள் குறிப்பிடுவது தாமஸ் டால்ஹெல்மின் ஆய்வு. சீனாவின் நெல் பகுதிகளையும் கோதுமைப் பகுதிகளையும் சேர்ந்த 1,162 மாணவர்களை வைத்து 2014-இல் வெளியிட்டார். நெல்லுக்கு நீரைப் பங்கிடவும் நடவுக்கு ஆள் கூட்டவும் அண்டையாரின் ஒத்துழைப்பு தேவை என்பது அதன் அடிப்படை; பேச்சிப்பாறை அணைத் தண்ணீருக்குக் கடைமடையில் காத்திருந்த எவருக்கும் அது புரியும். ஆனால் வடசீனமும் தென்சீனமும் பயிரில் மட்டுமா வேறுபடுகின்றன? அந்த மறுப்புக்கு விடை தேடி, அவர் பிறகு சீனாவின் நிங்ஷியா பகுதியில் அரசு ஏறக்குறையக் குலுக்கல்போல ஆட்களைப் பிரித்து அனுப்பிய இரண்டு அரசுப் பண்ணைகளை ஒப்பிட்டார். ஒன்றில் நெல், மற்றொன்றில் கோதுமை. 2024-இல் வந்த அந்த ஆய்வில் 234 பேர்தான், என்றாலும் வேறுபாடு அதே திசையில் இருந்தது. முதல் ஆய்வைவிட இதற்கே நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

தோவாளைக்கும் விளவங்கோட்டுக்கும் இடையே அப்படி ஒரு பிரிப்பு நடக்கவில்லை. சாதி, மதம், நிலவுடைமை, மொழித்தொடர்பு எல்லாமே சேர்ந்து மாறுகின்றன. ரப்பரே அண்மைக்காலப் பயிர்தான். நெல்வயல்களும் வாழையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. மாணவர்கள் எந்த வேறுபாட்டைக் கண்டாலும் அது பயிரால் வந்தது என்று சொல்ல வழியில்லை. எனவே அதை விட்டுவிட்டு மரச்சீனியை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரம், நடுப்பகுதி, மலையடிவாரம் ஆகிய மூன்று இடங்களிலும் உள்ள உறவினர் வீடுகளில் கேட்கச் சொல்லுங்கள்: துண்டின் அளவு என்ன, நீரை எத்தனை முறை வடிக்கிறார்கள், தொட்டுக்கொள்ள என்ன, மீன் கிடைக்காத நாளில் என்ன. கேட்கப் போவதற்கு முன்பே, எந்த விடை வந்தால் எந்த விளக்கம் விழும் என்று ஏட்டில் எழுதி உங்களிடம் கொடுத்துவிட வேண்டும். ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்ற கேள்வியைக் கடைசியில் வைக்கட்டும். முதலில் கேட்டால் வாட்ஸ்அப் பதில் வந்துவிடும்.


பதில்: தோவாளை வாசகர்

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், டீச்சர். கிழங்கின் இரகத்தையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நஞ்சு குறைந்த இரகத்தை நட்டிருக்கும் வீட்டில் ஒருமுறை வடிப்பதே போதுமானதாக இருக்கலாம். அதைக் கவனிக்காவிட்டால் அலட்சியம் என்று தவறாக எழுதிவிடுவார்கள். இரகங்களின் பெயர் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், தண்டின் நிறம், இலைக்காம்பின் நிறம், கிழங்குத் தோலின் உள்நிறம் ஆகியவற்றையும் குறித்துவரட்டும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதிக் கேட்டால், அந்த அடையாளங்களைக் கொண்டு இரகத்தைக் கண்டறிய உதவி கிடைக்கும்.